பதினொரு வாழ்த்துச் செய்திகளும் மெதுவான பாட்டும்

டோறாவின் மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் ஆடத் தொடங்கிய அதே கிழமையில்தான், வாவிக்கரைச் சமூக பாண்ட் வாத்தியக் குழு தன் சொந்த இசைத்தட்டை வெளியிடுவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தது. ஏகமனதாகத் தீர்மானிப்பதில் அந்தக் குழுவை அடிக்க ஆளில்லை. தீர்மானித்ததைச் செய்து முடிப்பதில்தான் கொஞ்சம் அப்படி இப்படி.

"ரெண்டையும் கழட்டத்தான் வேணும் அன்ரி. பல்லைப் பிடிச்சிரிக்கிற முரசு பழுதாப் போயிற்று. ஒரு மாசம் தாங்கும். மிஞ்சினா ரெண்டு மாசம்" என்று பல் டொக்டர் சொல்லிவிட்டார்.

மற்றவர்களுக்கு முன்பல் போனால் சிரிப்பின் அழகு கெடும், அவ்வளவுதான். டோறா கோர்னெட் வாசிக்கிறவள். ட்ரம்பட்டைவிடக் கொஞ்சம் குட்டையான, குரல் மிருதுவான ஊதுவாத்தியம் அது. அதன் வாய்க்குமிழை உதட்டில் அழுத்தி ஊதும்போது, உதட்டுக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நிற்பவை அந்த இரண்டு பற்கள்தான். கட்டுப்பல் வைத்துக்கொண்டு மாட்டிறைச்சிப் பொரியல்கூடத் தின்னலாம், பழையபடி கோர்னெட் ஊத முடியாது என்று டொக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். டோறா அதைக் கேட்டு அழவில்லை. அவள் விரும்பியது ஒன்றே ஒன்றுதான். பல் போவதற்கு முன்னால் 'மெதுவானது' பதிவாகிவிட வேண்டும்.

'மெதுவானது' அவளே கட்டிய மெட்டு. முப்பத்தொரு வருடங்களுக்கு முன், அவள் குழுவில் சேர்ந்த புதிதில் கட்டியது. இரண்டு நிமிடம் நாற்பது செக்கன். மற்ற வாத்தியங்களெல்லாம் அடியில் அடங்கி முனக, கோர்னெட் மட்டும் தனியாகப் போகும். அதற்கு அவள் ஒரு பெயரும் வைத்திருந்தாள். அந்தப் பெயர் என்னவென்று குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. முதல் வருட நிகழ்ச்சி நிரலில் செயலாளர் வினாயகமூர்த்தி ஒரு அடையாளத்துக்கு 'மெதுவானது' என்று எழுதினார், அதுவே நிலைத்துவிட்டது. புளியந்தீவில் எத்தனையோ கலியாணங்களில் பெண்ணும் மாப்பிள்ளையும் அந்த மெட்டுக்குத்தான் மண்டபத்துக்குள் நடந்து வந்திருக்கிறார்கள். அதைக் கேட்டு, தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத கலியாணத்தில் அழுதவர்களும் உண்டு.

குழுவின் தலைவர் ஹேர்பர்ட், டோறாவின் கணவர். ஹேர்பர்ட்டுக்கு மனைவி மேல் அன்பில்லை என்று சொன்னால் சொன்னவர் வாய் அழுகிவிடும். அவ்வளவு அன்பு. ஆனால் மனிதருக்கு மைக் மேலும் அன்பு இருந்தது. முப்பத்தைந்து வருடம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக, பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடந்து வேலை செய்தவர் அவர். அங்கே கிடந்து என்ன சொன்னாலும் யாருக்குக் கேட்கும்? ஓய்வு பெற்ற பிறகு, எந்தக் கூட்டத்தில் மைக்கைக் கண்டாலும் கால் தானாக எழும்பிவிடும்.

இசைத்தட்டுக்கான முதற் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு அவர் வீட்டு மண்டபத்தில் நடந்தது. ஒலிப்பதிவுக்குக் காத்தான்குடி றிஸானைக் கூப்பிட்டிருந்தார்கள். கலியாண வீடியோ, கடை விளம்பரம், மார்க்கப் பாடல் என்று எல்லாவற்றுக்கும் ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருப்பவன். கெட்டிக்காரன், ஆனால் எங்கள் கூட்டங்களின் குணம் தெரியாதவன். வந்ததும் வராததுமாக, "சீடி என்னத்துக்கு அங்கிள்? நேரா இணையத்தில ஏத்தி லிங்க்கை அனுப்பிவிடுவம். இப்ப ஆருக்கிட்ட சீடி போடுற மெஷின் இரிக்கு?" என்று கேட்டான்.

வினாயகமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மண்டூரில் பிறந்து, கச்சேரி என்னும் அரசாங்கக் காரியாலயத்தில் பிரதம இலிகிதராக இருந்து ஓய்ந்தவர். குழுவில் பெரிய ட்ரம் அடிப்பவரும் அவர்தான். கண்ணாடியைத் துடைத்தால் சட்டம் பேசப்போகிறார் என்று அர்த்தம்.

"தம்பி, லிங்க்குக்கு எப்பிடி ரிபன் கட்டுற? முதற் பிரதிய ஆர், ஆருக்கு, எப்பிடிக் கையில குடுக்கிற? படம் எடுக்கக்குள்ள எதப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற?"

ஒரு வீட்டிலும் போட்டுக் கேட்க முடியாத ஆயிரம் சீடிகள் அடிப்பதென்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

அடுத்தது வாழ்த்துச் செய்தி. நம்மூரில் வாழ்த்துச் செய்தி இல்லாமல் ஒரு பாலர் பாடசாலை மலர்கூட வெளிவந்ததில்லை. புத்தகமென்றால் பக்கத்தில் படத்தோடு போட்டுவிடலாம். இசைத்தட்டில் எங்கே போடுவது? வினாயகமூர்த்தி அதற்கும் வழி கண்டார். குரலிலேயே பதிந்து பாட்டுகளுக்கு முன்னால் சேர்த்துவிட்டால் போயிற்று. கேட்கிறவன் கடந்து போகவும் ஏலாது. ஹேர்பர்ட்டுக்குப் புல்லரித்துவிட்டது. பெரிய மனிதர்களிடம் ஒவ்வொருவராகப் போய் மைக்கை நீட்டுவதென்றால் சும்மாவா!

"எப்ப பதியிற?" என்று கூட்டத்தின் கடைசியில் டோறா கேட்டாள்.

"செய்தியளெல்லாம் சேரட்டும் டோறா. வாற சனிக்குப் பதிவு."

அந்த 'வாற சனி' ஏழு கிழமையாக வந்துகொண்டே இருந்தது.

செய்தி சேர்ப்பது லேசான காரியமில்லை என்பது ஹேர்பர்ட்டுக்குப் போகப் போகத்தான் விளங்கிற்று. ஒருவர் செய்தி முதலாவதாக வரும் என்று சொன்னால்தான் மற்றவர் வாயைத் திறப்பார். அதனால் எல்லாரிடமும் "உங்கடதான் ஐயா முதலாவது" என்று சொல்லவேண்டி வந்தது. ஒரு அதிகாரி அருமையாகச் செய்தி தந்தார், இரண்டு கிழமையில் அவருக்கு இடமாற்றம். புதிதாக வந்தவரிடம் வாங்காவிட்டால் அவமரியாதை, பழையவருடையதை நீக்கினால் நன்றிகெட்டதனம். இரண்டையும் சேர்த்தார்கள். இரண்டும் ஒன்றுதான், எழுதிக்கொடுத்த கிளாக்கர் இடமாற்றம் பெறவில்லை. ஒன்பது பேர் 'மீன்பாடும் தேன்நாடாம் மட்டுமாநகரிலே' என்றுதான் தொடங்கினார்கள். ஒன்பதாவது ஆள் தொடங்கியபோது றிஸான் ஹேர்பர்ட்டின் காதுக்குள், "அங்கிள், இந்த வரிய ஒருக்காப் பதிஞ்சு எல்லாருக்கும் ஒட்டிவிடட்டா?" என்றான்.

வீட்டில் டோறா பற்களைக் காத்துக்கொண்டிருந்தாள். இடியப்பத்தைப் பால்ச்சொதியில் ஊறவைத்துக் கரண்டியால் குடித்தாள். முறுக்கு, மாங்காய், பாணின் கருகிய ஓரம் எல்லாவற்றுக்கும் விடை கொடுத்தாள். தையல் மெஷினில் இருக்கும்போது வாயில் நூலைக் கடித்து அறுப்பது நாற்பது வருடப் பழக்கம். அதற்குப் பதிலாக மெஷினில் ஒரு சின்னக் கத்தரிக்கோலைக் கட்டித் தொங்கவிட்டாள். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் கோர்னெட்டைத் தொடுவதில்லை. சனி வரும், சனி போகும். ஹேர்பர்ட் இஸ்திரி போட்ட சட்டையோடு யாரோ ஒரு பெரிய மனிதர் வீட்டுக்குப் புறப்படுவார்.

ஆறாவது கிழமை ஒரு காலையில், ஹேர்பர்ட் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது டோறா முன்னால் வந்து குனிந்தாள்.

"ஒருக்காத் தொட்டுப் பாருங்க ஹேர்பர்ட்."

அவர் ஒரு விரலால் தொட்டார். பல் முன்னும் பின்னும் போய் வந்தது. பஸ் சில்லின் ஆணி தளர்ந்திருந்தால் விரல் வைத்ததும் கண்டுபிடிக்கிற கை அது. இந்தப் பல் இன்னும் அதிக நாள் ஓடாது என்று அந்தக் கைக்குத் தெரிந்துவிட்டது.

"வாற சனி" என்றார். "ஆர் வந்தாலும் வராட்டியும் வாற சனி. சத்தியமா."

அவர் உண்மையாகத்தான் சொன்னார். பதினோராவது செய்தியொன்று மட்டும் பாக்கி இருந்தது. பழுகாமத்துப் பக்கம் இரண்டு அரிசி ஆலைகள் வைத்திருக்கும் சாமஸ்ரீ, சமூகதீபம் கந்தப்போடி அவர்களுடையது. குழுவின் ஆயுட்காலப் போஷகர். குழுவின் வாசிப்பை அவர் ஒரே ஒரு தரம்தான் கேட்டிருக்கிறார், அதுவும் ஆலைத் திறப்புவிழாவில், மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது. எல்லாருக்கும் புதுச் சீருடை தருவதாக அன்று வாக்களித்தவர், இன்னும் வாக்களித்துக்கொண்டே இருக்கிறார். பதிவன்றே வந்து மண்டபத்தில் செய்தி சொல்வதாக அவர் தகவல் அனுப்பிவிட்டார். அவர் வருகிறார் என்றதும் வினாயகமூர்த்தி கண்ணாடியைத் துடைத்தார். பிரதம அதிதி வந்தால் அது பதிவு இல்லை, 'பதிவு ஆரம்ப விழா'.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குத் தேவாலயப் பங்கு மண்டபத்தில் பதினான்கு வாத்தியக்காரரும் கூடிவிட்டார்கள். கந்தப்போடி பதினொன்று இருபதுக்கு வந்தார். அதுவரை விளக்கு ஏற்றவில்லை, விளக்கு ஏற்றாமல் எப்படி வாசிப்பது? ஒலிப்பதிவு மைக்கின் காலில் சிவப்பு ரிபன் கட்டியிருந்தார்கள். "ரிபன் மைக்கில பட்டா சரசரண்டு விழும் அங்கிள்" என்று றிஸான் கெஞ்சியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விளக்கேற்றல், நான்கு மதப் பிரார்த்தனை, வரவேற்புரை, தலைமையுரை. தலைமையுரை ஹேர்பர்ட்டுடையது. ஐந்து நிமிடம் என்று நினைத்துத் தொடங்கி இருபத்திரண்டு நிமிடத்தில் முடித்தார். மறைந்த உறுப்பினர்களுக்காக இரண்டு நிமிடம் மௌனம். றிஸான் மண்டபத்தின் வெறும் சத்தத்தை அந்த மௌனத்தில் பதிந்து வைத்துக்கொண்டான். அன்று காலை பதிவான ஒரே உருப்படியான விஷயம் அதுதான்.

பிறகு கந்தப்போடி செய்தி சொன்னார், பிறகு பிரியாணிப் பார்சல், பிறகு றிஸான் பகல் லுஹர் தொழுகை முடித்துவிட்டு வந்தான். "அஸருக்குப் பிறகு எனக்கு ஊரில ஒரு கலியாணம் இரிக்கு. மூண்டரைக்கு நான் வயரெல்லாம் கழட்டோணும்" என்று கண்டிப்பாகச் சொன்னான்.

ஹேர்பர்ட்டுக்கு அப்போது, டோறாவினுடையதை முதலில் பதிவோம் என்று சொல்லத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. வினாயகமூர்த்தியின் நிரலில் அணிநடை மார்ச் நான்கு, ஆட்டத்துக்குப் பைலா மூன்று, கீதம் ஒன்று, கடைசியில் மெதுவானது என்று இருந்தது. நிரல் என்றால் நிரல். பார்சலை விரிக்காமல், கோர்னெட் குளிர்ந்துவிடாதபடி மடியில் சேலைத் தலைப்பால் பொத்தி வைத்துக்கொண்டு டோறா ஒரு மூலையில் இருந்தாள். மற்ற எட்டுப் பாட்டிலும் தன் பகுதியை மெல்ல, பட்டும் படாமலும் ஊதினாள். பல்லை மிச்சம் பிடிக்கிறாள் என்று பார்த்தவர்களுக்கெல்லாம் விளங்கியது.

அவள் முறை வந்தபோது மூன்று மணி தாண்டிவிட்டது. மின்விசிறிகளை நிறுத்தினார்கள். வெக்கையில் எல்லார் முதுகிலும் வியர்வை ஓடிற்று. டோறா எழுந்து மைக்குக்கு முன்னால் வந்து, நாக்கால் பற்களை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, தலையசைத்தாள்.

ஹேர்பர்ட் வழக்கம்போல முன்னால் நின்று கையசைத்தார். வாசிப்பு பாதிக்கு வரும்போது வாசல் பக்கம் கந்தப்போடி தன் வாகனத்தை நோக்கிப் போவது தெரிந்தது. யாராவது ஓடிப்போய்க் கதவு திறந்துவிட வேண்டாமா? ஹேர்பர்ட்டின் கை தாளம் போட்டுக்கொண்டிருக்க, கண் வாகனத்தின் பின்னாலேயே போயிற்று. பிரதம அதிதி தானே கதவைத் திறந்து ஏறுவதைக் கண்டு மனிதர் துடித்துப்போனார். வாகனம் போய், அவர் திரும்பிப் பார்த்தபோது மெட்டு முடிந்திருந்தது.

றிஸான் காதுக்கருவியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அப்படியே இருந்தான். வினாயகமூர்த்தி மூக்கைச் சிந்தினார்.

"அன்ரி" என்றான் றிஸான், "இத நான் தொடமாட்டன். ஒண்டும் திருத்தத் தேவல்ல. வந்தபடியே போகட்டும்."

கோர்னெட்டின் வாய்க்குமிழில் கொஞ்சம் இரத்தம் இருந்தது. டோறா கைக்குட்டையால் துடைத்தாள். திங்கட்கிழமை போய் இரண்டு பற்களையும் கழற்றிவிட்டு வந்தாள். புண் ஆறிக் கட்டுப்பல் வைக்க மூன்று மாதமாவது செல்லும். அன்றிலிருந்து பேசும்போது வாயைக் கையால் மறைத்துக்கொண்டாள், ஹேர்பர்ட்டிடம் பேசும்போதுகூட. கோர்னெட்டைப் பெட்டியில் வைத்து அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டாள்.

"கவலையாக் கிடக்கா?" என்று ஹேர்பர்ட் கேட்டார்.

"பதிஞ்சாச்சுத்தானே" என்றாள். அன்று அவள் முகம் நிம்மதியாகத்தான் இருந்தது.

இனி நடந்ததை எழுதவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது, ஆனால் நடந்தது நடந்ததுதான். கந்தப்போடி தன் செய்தியைப் போட்டுக் கேட்டிருக்கிறார். வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கிற மாதிரி வெறுமையாக இருக்கிறதாம், பின்னணியில் இசை போட வேண்டுமாம். றிஸான் ஹேர்பர்ட்டுக்குப் போன் எடுத்தான். அவர் அப்போது புடவைக்கடையில் வெளியீட்டு விழாவுக்கான பொன்னாடைகளைத் தெரிவு செய்துகொண்டிருந்தார். இருபத்தாறு பேருக்குப் போர்த்த வேண்டும், தலைக்குமேல் வேலை.

"எந்தப் பாட்டைப் போடுற அங்கிள்? மார்ச் போட்டா அவர்ட குரல் கேக்காது."

"மெதுவானதப் போடு தம்பி" என்றார் ஹேர்பர்ட், ஒரு பொன்னாடையின் கரையைத் தடவிப் பார்த்தபடி.

"அன்ரிட பாட்டையா?"

"ஓம் ஓம், அதான். இஞ்ச, இந்த மஞ்சளில இன்னும் ஆறு தாங்க." கடைசி வாக்கியம் கடைக்காரனுக்கு.

இரண்டு நாள் கழித்து இறுதி நிரலைச் சரிபார்க்க வினாயகமூர்த்தி வீட்டுக்கு வந்தார். மொத்தம் இருபது உருப்படிகள், தட்டில் கொள்ளும் நேரத்தைவிட இரண்டு நிமிடம் கூடுதல். எதையாவது குறைக்க வேண்டும். செய்திகளில் கைவைக்க முடியுமா? உலகம் அழிந்துவிடும். வினாயகமூர்த்தி பென்சிலால் வரி வரியாகத் தட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"இஞ்ச பாருங்க ஹேர்பர்ட். மெதுவானது முதலாவதில, போஷகர்ட செய்திக்கு அடியிலயும் வருது, இருபதாவதிலயும் வருது. ஒரே பாட்டு ரெண்டு தரம் வந்தா ஆக்கள் என்ன நினைப்பாங்க? செய்யத் தெரியாதவனுகள் எண்டு சொல்ல மாட்டாங்களா?"

"அது பிழைதான்" என்றார் ஹேர்பர்ட். விழாவில் பேச வேண்டிய தலைமையுரை அவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்புப் பேனையை எடுத்து இருபதாவதை வெட்டி, பக்கத்தில் சுருக்கொப்பமும் வைத்தார். அடுத்த அறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

வெளியீட்டு விழாவுக்கு நல்ல சனம். வாழைச்சேனையிலிருந்துகூட ஒரு பஸ்ஸில் ஆட்கள் வந்திருந்தார்கள். டோறா நாவல் நிறச் சேலை உடுத்தி, முன்வரிசையில் ஹேர்பர்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தாள். கைக்குட்டை வாயோடு இருந்தாலும் கண் சிரித்தது. ரிபன் கட்டிய முதற் பிரதியைக் கந்தப்போடி பெற்றுக்கொண்டார், படம் எடுக்க எட்டுத் தரம் பெற்றுக்கொண்டார். நிரலில் அடுத்தது 'இசைத்தட்டிலிருந்து ஒரு துளி'. எந்தத் துளி என்பதிலும் குழுவுக்குக் குழப்பமே இல்லை. பிரதம அதிதியின் செய்தியைத்தான் போடுவது மரியாதை.

றிஸான் ஒலிக்க விட்டான். மெதுவானது தொடங்கியது. கோர்னெட்டின் முதல் சுரம் மண்டபத்தில் எழும்பியதும் டோறாவின் வலக்கை விரல்கள் மூன்றும், கோர்னெட்டின் மூன்று பொத்தான்களை அழுத்துவதுபோல, கைப்பையின் மேல் தானாக அசைந்தன.

"மீன்பாடும் தேன்நாடாம் மட்டுமாநகரிலே..." என்று கந்தப்போடியின் குரல் வந்து விழுந்தது. கோர்னெட் கீழே போய்விட்டது.

டோறாவின் விரல்கள் நிற்கவில்லை. கந்தப்போடி மூச்சு வாங்கும்போது கோர்னெட் ஒரு கணம் மேலே வரும், அவர் மறுபடி தொடங்கியதும் அமுங்கிப்போகும். இசை என்பது மனித வாழ்வுக்கு இன்றியமையாததாகும் என்றார். தரமான அரிசியும் அவ்வாறே என்றார். சபை கைதட்டியது. மெட்டு உச்சத்துக்கு ஏறுகிற இடத்தில் அவர் தன் இரண்டாவது ஆலையின் விலாசத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். செய்தி மெட்டைவிட நீளம், அதனால் மெட்டு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கி, "நன்றி, வணக்கம்" என்றதோடு நடுவில் வெட்டுப்பட்டு நின்றது.

டோறா கணவர் பக்கம் சாய்ந்தாள். "பரவால்ல, அவர்ட ஆசை" என்றாள் கைக்குட்டைக்குள்ளால். "முழுசா எத்தினையாவதா வருது?"

ஹேர்பர்ட் மடியில் இருந்த இசைத்தட்டின் அட்டையைத் திருப்பினார். பத்தொன்பது வரிகள் இருந்தன. அவருக்குத் தெரியும் எத்தனை வரிகள் இருக்குமென்று. சிவப்புப் பேனை அவர் கையில்தானே இருந்தது. இவ்வளவு நாளும் எந்தக் கூட்டத்திலும் வார்த்தைக்குத் தட்டுப்பாடில்லாத மனிதர், பக்கத்தில் இருக்கும் மனைவிக்கு ஒரு வசனம் சொல்ல முடியாமல் வாயைத் திறந்து திறந்து மூடினார்.

"வெட்டிப்போட்டன் டோறா" என்றார் கடைசியில். "ரெண்டு தரம் வருதெண்டு நான்தான் வெட்டினன்."

டோறா அட்டையை அவர் கையிலிருந்து வாங்கி, மேலிருந்து கீழ் வரை ஒவ்வொரு வரியாக வாசித்தாள். வாசித்து முடித்ததும் கைப்பையைத் திறந்து உள்ளே வைத்து மூடினாள். அவளுடைய கண் கலங்கியிருந்தால்கூட ஹேர்பர்ட் தாங்கியிருப்பார். அது வெறுமையாக இருந்தது.

மேடையில் கந்தப்போடி மைக்கைப் பிடித்துவிட்டார். "மீன்பாடும்..." என்று தொடங்கியும்விட்டார். ஹேர்பர்ட் எழுந்தார். நேரே றிஸானிடம் போய், "முழுப் பாட்டு உன்னட்டக் கிடக்கா?" என்று கேட்டார்.

"லேப்டொப்பில இரிக்கு அங்கிள். ஆனா லேப்டொப்பை ஸ்பீக்கரோட தொடுக்கிற வயர் கொண்டு வரல்ல. சீடி மெஷின் மட்டும்தான் இண்டைக்கு."

"லேப்டொப்பிலயே சத்தம் வருமா?"

"மெல்லமா வரும்."

ஹேர்பர்ட் லேப்டொப்பை இடக்கையில் தூக்கிக்கொண்டு மேடையேறினார். "மன்னிச்சுக்கொள்ளுங்க ஐயா" என்று கந்தப்போடியின் கையிலிருந்து மைக்கை வாங்கினார். வாங்கினார் என்று மரியாதைக்கு எழுதுகிறேன், பறித்தார். வினாயகமூர்த்தி "நிரல்... நிரல்..." என்றபடி எழும்பினார். மைக் கைக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் ஹேர்பர்ட்டின் வாய், "பெருமதிப்புக்குரிய சபையோரே" என்று தொடங்கிற்று. தொடங்கியவர் நிறுத்தினார். வாயை மூடிக்கொண்டு, மேசையில் லேப்டொப்பை வைத்து, றிஸான் சைகையால் காட்டிய பொத்தானை அழுத்திவிட்டு, மைக்கை அதன் ஓரத்தில் பிடித்தார்.

இரண்டு நிமிடம் நாற்பது செக்கன். குனிந்து நின்றதில் இடுப்பு நொந்தது. மைக் கொஞ்சம் விலகினால் சத்தம் குறைந்தது, அதனால் அவர் மூச்சுக்கூடப் பார்த்துத்தான் விட்டார். சபையைப் பார்க்க முடியவில்லை, யார் வருகிறார் யார் போகிறார் என்று பார்க்க முடியவில்லை. கேட்பதைத் தவிர வேறு வேலை இல்லாமல் ஹேர்பர்ட் நின்றார். கந்தப்போடி தன் ஆட்களோடு மண்டபத்தை விட்டுப் போனதும், சீருடைகளும் அவரோடு போனதும் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

பாட்டு முடிந்தது. சிலர் கைதட்டினார்கள், பலர் தட்ட மறந்தார்கள். ஹேர்பர்ட் மைக்கை மேசையில் வைத்துவிட்டு இறங்கிவந்து தன் இடத்தில் இருந்தார்.

டோறா அவர் பக்கம் திரும்பி, "உச்சத்துக்குப் போய்த் திரும்புற இடத்தில ஒரு சுரம் சறுக்கிட்டு" என்றாள். "பல்லால இல்ல. முப்பத்தொரு வருசமும் அந்த இடத்தில எனக்குச் சறுக்கும். உங்களுக்குத் தெரியுந்தானே?"

ஹேர்பர்ட் வாய் தவறி ஓம் என்று சொல்லிவிடத்தான் பார்த்தார். முப்பத்தொரு வருடமும் அவளுக்கு ஒரு முழம் முன்னால் கையசைத்தபடி, கூட்டத்தில் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றவர் அவர்.

"தெரியா டோறா" என்றார். "நான் ஒருநாளும் கேக்கல்ல. இண்டைக்குத்தான் கேட்டன்."

டோறா கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்து மடியில் வைத்தாள். அந்த வெற்றிடத்தை ஹேர்பர்ட் அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தார்.

"இனி நான் வாசிக்க ஏலாதே ஹேர்பர்ட்" என்றாள்.